உறை எண் இரண்டு

இதனால் இக்குடியிருப்பின் நாற்பத்தெட்டு வீடுகளிலும் வசிக்கும் சகலமானவர்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: நமது சங்கத்தின் தலைவர் அவர்கள், கொடிய எலும்பு மஜ்ஜை நோயால் அவதியுறும் தம் இளைய சகோதரருக்கு, தம் சொந்த எலும்பிலிருந்து, தம் சொந்த விருப்பத்தின் பேரில், மூல உயிரணுக்களைத் தானமாக வழங்க முன்வந்துள்ளார். பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட வேண்டிய இத்தியாகத்தை முன்னிட்டு, தலைவர் அவர்களை எவரும் மாடிப்படியில் மறித்து நிறுத்தித் தண்ணீர்த் தொட்டி விவகாரம் பேச வேண்டாம் எனக் கேட்டுக்கொள்ளப்படுகிறது. இப்படிக்கு, தலைவர்.

கீழே கையெழுத்து. கையெழுத்தின் மேல் வட்ட முத்திரை. அது கொஞ்சம் மங்கலாக விழுந்துவிட்டதால் பக்கத்தில் இன்னொரு வட்ட முத்திரை.

லிஃப்டுக்குள் கண்மட்டத்தில் ஒட்டப்பட்டிருந்த இந்த அறிவிப்பை முதலில் படித்தவர் அந்த இளைய சகோதரரேதான். கதவு சென்சாரைத் துடைப்பதற்காக ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக மண்டியிட்டிருந்தவர், எழுந்து நின்று இரண்டு தடவை படித்தார். ‘கொடிய’ என்ற சொல்லுக்குக் கீழே சிவப்பு மையில் கோடு வேறு போட்டிருந்தது.

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஐம்பத்திரண்டு வயது. ஊரிலுள்ள பாதி லிஃப்டுகள் அவர் பேச்சைக் கேட்கும். இந்தக் குடியிருப்பின் லிஃப்ட் அவர் பேச்சை மட்டும்தான் கேட்கும். கம்பெனியிலிருந்து வேறு யார் வந்தாலும் “இதைக் கழட்டிப் போட்டுட்டுப் புதுசு மாட்டுங்க” என்று சொல்லிவிட்டுப் படியில் இறங்கிப் போய்விடுவார்கள். மெக்கானிக் வந்து பலகையைத் திறந்து இரண்டு தட்டு தட்டினால் அது முனகிக்கொண்டு மேலே ஏறும்.

அன்று சாயங்காலம் அண்ணனிடம் கேட்டார்.

“‘கொடிய’ங்கிறது வேணுமா அண்ணே? நாப்பத்தெட்டு வீட்டுக்காரங்களும் என்னைப் பாத்தா சுவரோரமா ஒதுங்கிப் போறாங்க.”

“நோய் சாதாரணமா இருந்தா தியாகம் எப்படிடா பெருசாத் தெரியும்?” என்றார் தலைவர்.

தலைவர் ஓர் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்தவர். ஓய்வு பெற்ற மறுநாளே குடியிருப்போர் சங்கத்துக்குத் தலைவரானார். எதிர்த்து நிற்க யாருக்கும் பொழுதில்லை. அன்றிலிருந்து வீட்டுக்குள்ளும் அதுவே பெயராகிவிட்டது. அவர் வீட்டு எண் ஒன்று. தபால்பெட்டி எண் ஒன்று. வண்டி நிறுத்துமிடம் எண் ஒன்று. அவரிடம் வண்டி கிடையாது. பல் டாக்டரிடம் போனால்கூட டோக்கன் எண் ஒன்று கிடைக்கும்வரை நாளைத் தள்ளிப்போட்டு, கடைசியில் பல் தானாகவே விழுந்ததுண்டு.

மெக்கானிக்கின் நோய்க்கு வருவோம். எலும்புக்குள் ரத்தம் ஊறும் இடம் கொஞ்சம் கொஞ்சமாக நார் பாய்ந்து தடித்துப்போவதுதான் அது. நாலு வருஷமாக இருக்கிறது. மஜ்ஜை கைவிட்ட வேலையை மண்ணீரல் எடுத்துப் போட்டுச் செய்யக் கிளம்பி, வீங்கி, வயிற்றின் பாதியை வளைத்துப் போட்டுவிட்டது. சாப்பிட உட்கார்ந்தால் நாலு வாயில் வயிறு நிரம்பும். முதலில் மாதத்துக்கு ஒரு தடவை ரத்தம் ஏற்றினார்கள். இப்போது பத்து நாளைக்கு ஒரு தடவை.

“பழைய மஜ்ஜையை மருந்தால முழுசா அழிச்சிட்டு, வேறொருத்தரோட மூல அணுக்களை உள்ள விடணும். அது எலும்புக்குள்ள போய் உக்காந்து புது ரத்தம் உண்டாக்கும். இந்த நோய் தீர்றதுக்கு இருக்கற ஒரே வழி இதுதான்” என்றார் டாக்டரம்மா.

“கன்ட்ரோல் போர்டையே மாத்தறதுன்னு சொல்லுங்க.”

“அப்படியே வச்சுக்குங்க. ஆனா ரொம்பத் தள்ளிப் போட முடியாது. நோய் ரத்தப் புற்றாத் திரும்பிடுச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது.”

மெக்கானிக்குக்கு அது புரிந்தது. லிஃப்டைத் தாங்கும் இரும்புக் கயிற்றில் இழைகள் ஒவ்வொன்றாக அறும். கயிறு அறுந்துவிடாது, லிஃப்ட் ஓடிக்கொண்டுதான் இருக்கும், உள்ளே நிற்பவர்கள் கண்ணாடியில் தலை வாரிக்கொண்டுதான் இருப்பார்கள். ஆனால் இத்தனை இழைக்குமேல் அறுந்தால் லிஃப்டை நிறுத்திவிட வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. தன்னுடைய ரத்தப் பரிசோதனைத் தாள்களை அவர் அந்தக் கணக்கில்தான் படித்துவந்தார். மனைவியிடம் சொல்லவில்லை.

கூடப்பிறந்தவர்களில் யாருக்காவது பொருந்துகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். கூடப்பிறந்தவர்கள் இரண்டு பேர்: மூத்தவர் தலைவர், கடைக்குட்டி, பள்ளிக்கூட வேன் ஓட்டும் தங்கை. தங்கையிடம் போனில் கேட்டபோது, “எங்க வரணும், எத்தனை மணிக்கு?” என்று மட்டும் கேட்டாள். தலைவர், யோசித்து எழுத்துமூலமாகப் பதில் தருவதாகச் சொல்லி ஒரு வாரம் எடுத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு உறைகள் கூரியரில் வந்தன. ஒவ்வொன்றிலும் நீளக் குச்சியில் சுற்றிய பஞ்சு. அதைக் கன்னத்தின் உட்புறம் தேய்த்து, மறுபடி உறையில் போட்டு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். ‘அனைத்துக் கடிதப் போக்குவரத்தும் என் வழியாகவே’ என்று தலைவர் உத்தரவிட்டிருந்ததால் உறைகள் அவர் வீட்டுக்குப் போயின. தங்கை வேனை வாசலில் நிறுத்திவிட்டு ஓடிவந்து, பஞ்சைத் தேய்த்துக் கொடுத்துவிட்டு ஓடிப்போனாள். தலைவர் தம் பஞ்சை நிதானமாகத் தேய்த்து முடித்து, வழக்கம்போல் ஆஸ்பத்திரிக்கு நாலு பக்கத்தில் ஒரு கடிதமும் எழுதினார்.

மூன்று வாரத்தில் போன் வந்தது. தலைவருக்கு முழுப் பொருத்தம். தங்கைக்கு அரைதான்.

அன்றிலிருந்து தலைவரின் நடையே மாறிப்போனது. முட்டைகள் ஒன்றோடொன்று மோதாமல் கூடை தூக்கிப் போகிறவர் மாதிரி தன்னையே தூக்கிக்கொண்டு நடந்தார். குனிய மாட்டார். கனமான எதையும் தொட மாட்டார். ஆட்டோவில் ஏறினால், “மெதுவாப் போப்பா, உள்ள மஜ்ஜை இருக்கு” என்பார்.

அண்ணி மெக்கானிக்கைத் தனியாக மடக்கினார்.

“தம்பி, உங்களுக்குச் சீக்கிரம் அதைப் போட்டுவிட்டுடச் சொல்லுங்க. உங்களுக்காக இல்ல, எனக்காக. ஒரு மாசமா தண்ணி கேனை நான்தான் தூக்கறேன். கேட்டா ‘இந்த எலும்பு இப்ப என்னுது இல்லடி, என் தம்பியோடது, நான் வெறும் காப்பாளர்’ங்கறாரு. காலையில ரெண்டு முட்டை, மத்தியானம் சூப்பு, சாயங்காலம் பழச்சாறு. காப்பாளருக்கு ஒரு கிலோ ஏறியிருக்கு.”

“அண்ணி, கொஞ்சம் பொறுத்துக்குங்க. அவரு எனக்கு உயிர் தரப்போறவரு.”

“தரட்டும். தந்துட்டு என்ன ஆட்டம் ஆடப்போறாருன்னு யோசிச்சீங்களா?”

மெக்கானிக் யோசித்திருந்தார். ஆயுள் முழுக்க ஒவ்வொரு குடும்ப விசேஷத்திலும், ‘இவன் உடம்புல ஓடறது என் ரத்தம்’ என்று அறிமுகம் செய்யப்படுவதற்கு மனசைத் தயார் செய்துகொண்டிருந்தார். செத்துப்போவதைவிட அது பரவாயில்லை என்ற முடிவுக்கு வர அவருக்கு இரண்டு நாள் பிடித்தது.

மெக்கானிக் ஆஸ்பத்திரியில் சேர நாள் குறித்தார்கள். அதற்கு முன், கொடையாளியின் ரத்தத்தை எடுத்துப் பொருத்தத்தை மறுபடி ஒருமுறை உறுதி செய்துகொள்வது ஆஸ்பத்திரியின் வழக்கம். ரத்தம் என்றால் ஊசி. தலைவர் ரத்தம் எடுக்க வந்த அம்மாளிடம், “ஒரு தியாகம் எங்கிருந்து தொடங்குகிறது தெரியுமாம்மா?” என்று கேட்டபடி சட்டைக் கையை மடித்தார், ஊசியைப் பார்த்தார், பதிலைச் சொல்லாமலே நாற்காலியில் சாய்ந்துவிட்டார். நினைவு திரும்பியதும், “ரத்தம் ரொம்ப எடுத்துட்டீங்களோ?” என்றார். அந்த அம்மாள் சுண்டுவிரல் நீளக் குழாயைக் காட்டினார். அதில் பாதிதான் இருந்தது.

பத்து நாள் கழித்து டாக்டரம்மா அண்ணன் தம்பி இரண்டு பேரையும் அறைக்கு அழைத்தார். சின்ன அறை. மேசை மேல் மெக்கானிக்கின் ஃபைல், செங்கல் கனத்தில்.

“ஒரு சிக்கல். பெரியவரோட ரத்தத்துல அரைப் பொருத்தம்தான் வருது.”

தலைவருக்குச் சட்டென்று விளங்கவில்லை. “யாரோட ரத்தத்துல?”

“உங்களோடதுல.”

“அரையா? இந்த உடம்புல அரைகுறையா எதுவும் கிடையாதும்மா. நல்லாப் பாக்கச் சொல்லுங்க.”

“ரெண்டு தடவை பாத்தாச்சுங்க.”

“அப்ப மூணாவது தடவை பாக்கச் சொல்லுங்க. சங்கத்துல அறிவிப்பு போட்டாச்சு!”

மெக்கானிக் அண்ணனைக் கையமர்த்தினார். “அரையை வச்சுச் செய்ய முடியாதுங்களா?”

“செய்யறதுண்டு. ஆனா உங்க உடம்பு இருக்கற நிலைமைக்கு அதுல ஆபத்து கூட. வெளியில பதிவு பண்ணின கொடையாளி யாராவது பொருந்தறாங்களான்னு தேடலாம். மூணு நாலு மாசம் ஆகும்.”

“எங்கிட்ட மூணு மாசம் இருக்கா?”

டாக்டரம்மா ஃபைலிலிருந்த தாள்களின் ஓரத்தைத் தட்டிச் சமமாக்கினார். ஏற்கெனவே அவை சமமாகத்தான் இருந்தன. மெக்கானிக் பதிலைப் புரிந்துகொண்டார்.

பிறகு டாக்டரம்மா, பேச்சை மாற்றுகிறவர்போல், “ஒரு வேடிக்கை. உங்க தங்கச்சிக்கு முதல்ல வந்த ரிசல்ட்டும் இவருக்கு இப்ப வந்த ரிசல்ட்டும் அச்சு அசலா ஒண்ணா இருக்கு. கூடப்பொறந்தவங்களுக்குள்ள அப்படி அமையறதும் உண்டு” என்றார்.

மெக்கானிக் நிமிர்ந்தார்.

முன்பு ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் ஒரு புகார். நாலை அமுக்கினால் லிஃப்ட் ஐந்துக்குப் போகிறது. கூட வந்தவர்கள் நாலாம் பொத்தானைக் கழற்றிப் போட்டு, பலகையைக் கழற்றிப் போட்டு, மத்தியானம்வரை பார்த்தார்கள். மெக்கானிக் போய் ஐந்தை அமுக்கினார். அது நாலுக்குப் போனது. அதற்குமேல் எதையும் கழற்ற வேண்டியிருக்கவில்லை. ஒன்று தப்பாகப் போனால் பழுது. இரண்டு ஒன்றுக்கொன்று மாறிப் போனால் யாரோ ஒயரை மாற்றிச் சொருகியிருக்கிறார்கள்.

“அண்ணே, வீட்டுக்கு வந்துதே ரெண்டு உறை, அதை யாரு பிரிச்சது?”

“நான்தான். முறைப்படி, கத்தரிக்கோல்ல.”

“உங்க பஞ்சு எந்த உறையில போச்சு?”

“ஒண்ணுல.” வேறு எந்த எண்ணில் போகும் என்ற தொனி.

டாக்டரம்மா ஃபைலைப் புரட்டினார். “இல்லீங்களே. முதல்ல சம்மதம் சொன்னவங்க உங்க தங்கச்சி. அதனால அவங்களுக்கு உறை எண் ஒண்ணு. உங்க பேர்ல பதிவாயிருக்கறது ரெண்டு.”

தலைவரின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. இந்த நாளுக்காகவே காத்திருந்தவர்போல் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

“அதான்! அந்தத் தப்பைத்தான் அன்னைக்கே எழுத்துமூலமாச் சுட்டிக்காட்டினேன்! நாலு பக்கம்! பதில் வந்துதா? வரல. ஃபைல்ல இருக்கும், எடுங்க. மூணாம் பக்கம், பதினோராவது பத்தி!”

கடிதம் இருந்தது. முதல் பக்கத்தில், ‘பெறப்பட்டது’ என்ற முத்திரை. அதற்குமேல் அதைப் படித்த அடையாளம் எதுவும் இல்லை. டாக்டரம்மா தேடிப் பிடித்து வாய்விட்டுப் படித்தார்.

“‘மூத்தவனாகிய என்னை இரண்டாம் எண்ணில் வைத்தது வயதுமுறைக்கும் அலுவல்முறைக்கும் புறம்பானது என்பதால், தங்கள் நிர்வாகத்துக்குச் சிரமம் தராமல் நானே அதைச் சீர்செய்து, உறை எண் ஒன்றை நானும், உறை எண் இரண்டை என் தங்கையும் பயன்படுத்திக்கொண்டோம் என்பதைப் பணிவுடன்...’”

அவர் அங்கேயே நிறுத்தினார்.

“கேட்டியா?” என்றார் தலைவர் தம்பியைப் பார்த்து, வென்றவரின் சிரிப்போடு. “எழுத்துமூலமா இருக்கு. தப்பு அவங்களோடது. உறை எண் ரெண்டுல இருந்தது என் பஞ்சே இல்ல. அது அவளோட...”

சிரிப்பு உதட்டிலேயே நின்றது. அவர் மெதுவாக உட்கார்ந்தார். இந்த ஒரு மாதத்தில் முதல் தடவையாக, எலும்பைப் பற்றிய கவனமே இல்லாமல் தொப்பென்று உட்கார்ந்தார்.

மெக்கானிக் தங்கைக்குப் போன் போட்டார். அவள் பள்ளிக்கூட வாசலில் வேனை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்தாள். அறை முழுக்கக் கூச்சல் கேட்டது.

“ஆமா சின்னண்ணே, ரெண்டாம் நம்பரைத்தான் எங்கிட்ட தந்தாரு. ஏய், பையால அடிக்காதே அவளை! ‘நான் எப்படிடி ரெண்டாவது’ன்னு அஞ்சு நிமிஷம் பிடிச்சுக்கிட்டாரு. எனக்கு மணியடிக்கற நேரம். ஒண்ணா இருந்தா என்ன, ரெண்டா இருந்தா என்ன, ஆஸ்பத்திரிக்குச் சொல்லிக்கறேன்னாரு, விட்டுட்டேன். ஏன், என்ன ஆச்சு?”

“நீதான் எனக்கு முழுசு.”

“என்னது? கேக்கல!”

“எல்லாரையும் வீட்டுல விட்டுட்டு இங்க வா. சொல்றேன்.”

மெக்கானிக் போனை வைத்தார். பக்கத்தில் தலைவர் தம் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப... நான் இல்லையாடா?”

அந்தக் குரலை மெக்கானிக் கேட்டு நாற்பது வருஷம் இருக்கும். முத்திரை, தலைப்பு, பத்தி எண் எதுவும் இல்லாத குரல். கேட்கப் பொறுக்காமல் அவர் ஒரு தவறு செய்தார்.

“என்னண்ணே இப்படிச் சொல்றீங்க? நீங்க நாலு பக்கம் எழுதலைன்னா இது வெளியில வந்திருக்குமா?”

தலைவர் நிமிர்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அதைச் சொல்லு” என்றார். பத்து நிமிஷத்துக்குள், தான் சொன்னது எவ்வளவு பெரிய பிசகு என்று மெக்கானிக்குக்குத் தெரிந்துபோனது. கடிதத்துக்கு நாலு பிரதிகள் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார் அண்ணன்.

தங்கையின் ரத்தத்தைச் சோதித்தார்கள். முழுப் பொருத்தம், இம்முறை அவள் பெயரிலேயே. மூல அணுக்கள் எலும்பிலிருந்து ரத்தத்துக்கு இறங்கிவர ஐந்து நாள் ஊசி. அந்த நாட்களிலும் வேன் ஓட்டினாள்.

“எலும்பு வலிக்குதாடி?” என்றார் மெக்கானிக், போனில்.

“பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் நடுவுல இருபத்தேழு பள்ளம் இருக்கு. இன்னைக்குத்தான் எண்ணினேன். இடுப்பால எண்ணினேன்.”

சேகரிக்கும் நாளன்று மட்டும் வேறொருவரிடம் வேன் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தாள். எலும்பை அறுக்கப் போகிறார்கள், மயக்க மருந்து, பெரிய விளக்கு என்றெல்லாம் தலைவர் எதிர்பார்த்து வந்திருந்தார். சாய்வு நாற்காலி ஒன்றில் அவளை உட்காரவைத்து, இரண்டு கையிலும் ஊசி ஏற்றி, ஓர் இயந்திரத்தோடு இணைத்தார்கள். ஒரு கையிலிருந்து ரத்தம் போய், இயந்திரத்தில் சுழன்று, வேண்டியதை அங்கேயே விட்டுவிட்டு மறு கைக்குத் திரும்பியது. அவள் பத்தாவது நிமிஷத்தில் தூங்கிப்போனாள். நாலரை மணி நேரம் தூங்கினாள். குழாயில் ரத்தத்தைப் பார்க்க மாட்டாத தலைவர், சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து மேற்பார்வை செய்தார்.

மெக்கானிக் அதற்கு ஒரு வாரம் முன்பே கண்ணாடி வைத்த தனியறைக்குள் போயிருந்தார். மருந்து, பழைய மஜ்ஜையோடு தலைமுடியையும் கொண்டுபோயிருந்தது. வாயெல்லாம் புண். இனித் தன் ரத்தம் என்று சொல்லிக்கொள்ள அவருக்குள் ஒன்றுமில்லை. தங்கையினுடையது வந்து உட்கார்ந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

தங்கையின் அணுக்களை ஏற்றும் வேளையில் தலைவர் கண்ணாடிக்கு வெளியே, உள்ளே தம்பிக்குக் கேட்கும் போனும் கையுமாக நின்றார். ஐந்து பக்க உரை. உள்ளே நர்ஸ் ஒரு பையைக் கம்பத்தில் மாட்டினார். தக்காளிச் சாறு நிறம். குளுக்கோஸ் ஏற்றுவதுபோல் சொட்டுச்சொட்டாக இறங்கியது.

“இதுதானா?” என்றார் மெக்கானிக்.

“இதுதாங்க.”

“ரத்தம் என்பது வெறும் திரவமல்ல, அது ஓர் உறவு” என்று போனில் முழங்கிக்கொண்டிருந்தது அண்ணன் குரல். நடுநடுவே தண்ணீர் குடித்துக்கொண்டார். மூன்றாம் பக்கத்தில், குடும்பத்தின் பூர்வீகத்துக்கு வந்தபோது நர்ஸ் பையைக் கழற்றினார்.

“முடிஞ்சுதுங்க.”

“நான் இன்னும் முடிக்கலையேம்மா!”

பிறகு காத்திருப்பு. சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. அதில் தினமும் வெள்ளணு எண்ணிக்கையை எழுதினார்கள். பூஜ்யம். பூஜ்யம். மறுபடி பூஜ்யம். படுத்தபடியே மெக்கானிக் சுவருக்கு அப்பால் ஆஸ்பத்திரி லிஃப்ட் ஏறி இறங்குவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். “மேல கயிறு ஓடற கப்பியில கிரீஸ் காஞ்சுபோச்சு, யாரையாவது பாக்கச் சொல்லுங்க” என்று வருகிற ஒவ்வொருவரிடமும் சொன்னார். பதினாறாம் நாள் காய்ச்சல். அன்று கிரீஸ் பற்றிக்கூடப் பேசவில்லை. மனைவி கண்ணாடியில் கையை வைத்தபடி சாயங்காலம்வரை நின்றார்.

பத்தொன்பதாம் நாள் காலையில் டாக்டரம்மா தானே வந்து பலகையை அழித்தார்.

“ஏறுதுங்க.”

“எத்தனாவது மாடி?”

“இப்பதான் தரைத்தளத்தை விட்டுக் கிளம்பியிருக்கு.”

மெக்கானிக் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று டாக்டரம்மா எண்ணிக்கொண்டார், பாதி உண்மை. தங்கைக்குச் செய்தி போனபோது அவள், “அப்படியா, சரி, நல்லதாப் போச்சு” என்றாள். வேனை ஓரங்கட்டிப் பத்து நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்ததை, பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் போன பிள்ளைகள்தான் பிற்பாடு சொன்னார்கள்.

அன்று மத்தியானமே தலைவர் புதிய அறிவிப்பைத் தயாரித்தார்: இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், தலைவர் அவர்களின் நேரடி மேற்பார்வையிலும், தொலைநோக்குடன் அவர் வரைந்த நான்கு பக்கக் கடிதத்தின் விளைவாகவும், அவர்தம் இளைய சகோதரர் மறுபிறவி எடுத்துள்ளார், கடிதத்தின் பிரதி கீழே இணைக்கப்பட்டுள்ளது, உயிரணுக்கள் உதவி: குடும்பத்தினர்.

இரண்டு முத்திரை குத்தி, பழைய அறிவிப்பின் மேல், கண்மட்டத்தில், லிஃப்டுக்குள் ஒட்டினார். படிப்பவர்கள் முகம் எப்படி மாறுகிறது என்று பார்ப்பதற்காகத் தரைத்தளத்தில் நாற்காலி போட்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தார்.

மெக்கானிக் ஆஸ்பத்திரியில் சேர்ந்த மறுநாள் நின்றுபோன லிஃப்ட் அது. நாலு வாரமாக எல்லோரும் படியில்தான் ஏறுகிறார்கள்.